சேர்க்கை முடிந்த பிறகு என்ன நடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறன் மாணவர்கள் பொதுப் பள்ளிகளில் சேர்க்கப்படுவது பற்றிய செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றை, நடுநிலைப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் குறிப்பிட விரும்புகிறேன். சாய்தளம், சக்கர நாற்காலி, தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் பெற இன்று ஓரளவு வழி இருக்கிறது. உடன் படிக்கும் பிள்ளைகள் அவர்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்களா என்று கேட்பாரில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16ஆவது பிரிவு, பாகுபாடின்றிச் சேர்க்கை அளிப்பதோடு நில்லாமல், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு தரவேண்டும் என்கிறது. ஆனால், மூளை முடக்குவாதம் உள்ள மாணவனை விளையாட்டுப் பாடவேளையில் மரத்தடியில் உட்காரவைத்து, மற்றவர்களின் செருப்புகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவலாக்குவதைக் கண்டிருக்கிறேன். விழுந்துவிடுவானோ என்ற அக்கறையில்தான் அப்படிச் செய்கிறார்கள். வாராவாரம் அதைப் பார்க்கும் பிள்ளைகளோ, அவன் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவனுடைய பையைத் தூக்கவும் கைபிடித்து அழைத்துச் செல்லவும் ஆண்டு முழுவதும் ஒரே மாணவனை நியமிப்பதும் சரியன்று. உதவி ஒருபக்கமாகவே இருக்கும் இடத்தில் நட்பு வளர்வது கடினம்.

எங்கள் பள்ளியில் பார்வையற்ற மாணவி ஒருத்தி, காலை வணக்கக் கூட்டத்தில் பிரெய்லி ஏட்டை விரல்களால் தடவிக் குறளும் பொருளும் வாசித்தாள். அன்று மதிய உணவு இடைவேளையில், தங்கள் பெயர்களைப் புள்ளிகளாகக் குத்தித் தரச் சொல்லி வகுப்புப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அதற்குமுன் அவள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

பிள்ளைகளின் தயக்கத்தைவிடப் பெரியவர்களின் நம்பிக்கைகளே எனக்குக் கவலை தருகின்றன. 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில், உடற்குறையை முற்பிறவிப் பாவத்தோடு முடிச்சுப்போட்டு ஒருவர் பேச, பார்வையற்ற தமிழாசிரியர் அங்கேயே எழுந்து மறுத்தார். அவருடைய துணிவு போற்றத்தக்கது. ஆனால் அதே நம்பிக்கை வீடுகளில் எதிர்ப்பின்றி உலவுகிறது. "என் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள்" என்று பெற்றோர் வந்து கேட்பது இன்றும் நடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இதை வெளிப்படையாகப் பேசவேண்டும்.

தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பாசிரியர்கள் இருக்கவேண்டும் என ஒன்றிய அரசு 2022இல் அறிவித்தது. அந்த அளவை எட்டுவதோடு, மாணவரைத் தனியே அழைத்துப் பயிற்சி தருவது மட்டும் அவர்கள் பணி என்றில்லாமல், வகுப்பாசிரியரோடும் உடற்கல்வி ஆசிரியரோடும் அமர்ந்து, அந்த மாணவரும் ஆடக்கூடிய ஆட்டங்களையும் குழுச் செயல்பாடுகளையும் திட்டமிடப் பாடவேளை அட்டவணையிலேயே நேரம் ஒதுக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.