உதிரிபாகக் கடை அண்ணாச்சிமார்களுக்கு: பெல்ட்டை வண்டிப் பேர் சொல்லி விற்காதீர்கள்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவியில் இருபது வருஷமாக ஸ்கூட்டர் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை மார்க்கெட், அம்பாசமுத்திரம் என்று நீங்கள் எங்கே கடை வைத்திருந்தாலும், உங்கள் கவுன்டரில் ஒருநாளாவது நான் நின்றிருப்பேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் காசு இல்லாத நாளில் கடனுக்குச் சாமான் கொடுத்து என் பட்டறையை ஓட்டியதே உங்களில் சிலர்தான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி ஒன்பதரை இருக்கும், போன் வந்தது. பாளையங்கோட்டையில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. டூட்டி முடிந்து பத்தமடைக்கு வந்துகொண்டிருந்தவள், மேலச்செவல் தாண்டி ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நிற்கிறாள். "அண்ணாச்சி, சடசடன்னு ஒரு சத்தம். எஞ்சின் உறுமுது, வண்டி மட்டும் நகர மாட்டேங்கு" என்றாள். சத்தத்தைச் சொன்னதுமே தெரிந்துவிட்டது, பெல்ட். எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர் பெல்ட். மழை வேறு. நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் தனியாக நின்றிருந்தாள்.

மறுநாள் வண்டியின் பெல்ட் மூடியைக் கழற்றினேன். பெல்ட் நார் நாராகக் கிழிந்து, உள்நூல் முழுவதும் எஞ்சினின் கிராங்க் தண்டில் சுற்றிக் கிடந்தது. எண்ணெய் கசியாமல் தடுக்கிற ஆயில் சீலும் போச்சு. அந்தப் பெல்ட்டை மாட்டியது நான்தான், இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாங்கியது உங்களில் ஒருவர் கடையில். பெல்ட் வந்த கவரில் ஸ்கூட்டர் படம் இருந்தது, 'ஹெவி டியூட்டி' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. செய்தவர் பேர் இல்லை, அளவு இல்லை, செய்த மாதம் இல்லை. அதே கடையில் அதே மாதிரி இன்னொன்று வாங்கி, நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் வைத்துப் பார்த்தேன். தேய்ந்துவிட்டது என்று நாங்கள் கழற்றிப் போடுகிற பெல்ட்டைவிட அரை மில்லிமீட்டர்தான் அகலம் கூடுதல். புதுசு என்று காசு கொடுத்து வாங்கும்போதே அதன் ஆயுசு பாதி முடிந்திருந்தது.

அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் எல்லாம் ஒரு கணக்கா என்று கேட்பீர்கள். கியர் இல்லாத வண்டியில் அதுதான் முழுக் கணக்கும். முன்னால் எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, பின்னால் சக்கரத்துப் பக்கம் ஒரு புல்லி. ஒவ்வொன்றிலும் சரிவான இரண்டு தட்டு, நடுவில் பெல்ட் ஓடும். முன்புல்லியில் இருக்கும் ரோலர்கள், எஞ்சின் வேகம் ஏற ஏற வெளிப்பக்கம் நகர்ந்து தட்டை நெருக்கும். பெல்ட் விளிம்பை நோக்கி மேலேறும். பின்புல்லி அதற்கேற்ப ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு விரியும், அங்கே பெல்ட் உள்ளே இறங்கும். பெல்ட்டின் இரண்டு பக்கச் சரிவுதான் இத்தனை வேலையையும் பார்க்கிறது. உள்ளே இருக்கும் பல், பிடிப்புக்காக இல்லை. சின்னப் புல்லியில் வெடிக்காமல் வளைவதற்கும் சூடு தணிவதற்கும்தான். அகலம் குறைந்த பெல்ட், முன்புல்லியில் விளிம்புவரை ஏறவே ஏறாது. டாப் ஸ்பீடு வராது. புறப்படும்போது தளர்ந்து வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் ரப்பர் இறுகும், இறுகினால் பல்லின் அடியில் வெடிப்பு. கடைசியில் ஒரு ராத்திரி, மேலச்செவல் பக்கம்.

இந்த ஏற்பாடு ஸ்கூட்டருக்கு மட்டும் உள்ளது இல்லை. 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இதைக் காரிலேயே வைத்து அறிமுகப்படுத்தியது. நம் ஊருக்கு 1980-களில் கைனடிக் ஹோண்டாவோடு வந்தது, 2000-க்குப் பிறகு ஆக்டிவா வந்ததும் தெருவுக்குத் தெரு பரவியது. பட்டாளத்தில் இருக்கும் என் தம்பி மகன் குல்மார்க்கில் பனியில் ஓடும் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, "பெரியப்பா, உள்ள நம்ம ஸ்கூட்டர் பெல்ட்டேதான், என்ன, தடி பெல்ட்டு" என்றான். வெளிநாட்டுப் பனிவண்டிகளில் எஞ்சின் நூறு குதிரைசக்திக்கு மேலும் போகும், நம் ஸ்கூட்டருக்கு எட்டுதான். ஆனால் பெல்ட் தேர்ந்தெடுக்கும் விதி ஒன்றே: வெளிச்சுற்றளவு, மேல் அகலம், பக்கச் சரிவின் கோணம், உள்நூல். பனிவண்டி ஓட்டுபவர்கள் நம்பர் பார்த்துத்தான் வாங்குவார்கள், மாற்றுப் பெல்ட் ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். நடுப்பனியில் பெல்ட் அறுந்தால் உயிர்ப்பிரச்சினை அவர்களுக்கு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிசான நெல் அறுவடைக்கு வெளியூரிலிருந்து கதிர் அறுக்கிற மிஷின் வருகிறதே, அந்த டிரைவர்களைப் பாருங்கள். அவர்கள் உங்கள் கடைக்கு வந்தால் மிஷின் பேரைச் சொல்ல மாட்டார்கள். பழைய பெல்ட்டின் முதுகில் இருக்கும் நம்பரைத் துடைத்துக் காட்டுவார்கள். நீங்களும் மறுபேச்சில்லாமல் நம்பர் பார்த்து எடுத்துக் கொடுப்பீர்கள். அதே கவுன்டரில் நான் வந்து ஸ்கூட்டர் பெல்ட் கேட்டால் மட்டும் நம்பர் பேச்சே இல்லை. "ஆக்டிவாவா? லோக்கலா, ஒரிஜினலா?" அத்தோடு முடிந்தது. ஆக்டிவாவிலேயே எத்தனை மாடல் வந்துவிட்டது! எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட் கிடையாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த 'லோக்கலா, ஒரிஜினலா' என்ற கேள்விதான் தப்பு. நடுவில் ஒரு வகை இருக்கிறதே. வண்டிக் கம்பெனிகள் பெல்ட்டைத் தாங்களே செய்வதில்லை. பெல்ட் செய்கிற கம்பெனியிடம் வாங்கித் தங்கள் டப்பாவில் போட்டு விற்கிறார்கள். பாண்டோ, மிட்சுபோஷி, கேட்ஸ், ஃபென்னர் என்று அந்தக் கம்பெனிகள் தங்கள் பேரிலேயும் பெல்ட் விற்கிறார்கள். ஃபென்னர் ஆலை நம் மதுரை கோச்சடையிலேயே இருக்கிறது. ஷோரூம் விலை கொடுக்க முடியாதவர்களுக்கு இதுதான் வழி. பேர் இருக்கும், நம்பர் இருக்கும், ஏதாவது என்றால் கேட்க ஆள் இருக்கும். இதிலும் போலி டப்பா வருகிறது என்பது தெரியும். டப்பாவைப் பார்க்காமல் பெல்ட்டின் முதுகைப் பாருங்கள்: எழுத்து பிசிறில்லாமல், நகத்தால் சுரண்டினால் உரியாமல் இருக்க வேண்டும், டப்பாவில் உள்ள நம்பரும் பெல்ட்டில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் வெட்டு சீராக இருக்க வேண்டும்.

விலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேச்சுக்கு, லோக்கல் பெல்ட் 200 ரூபாய், 5,000 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாட்டுக்கூலி 150. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு நாலு பெல்ட், நாலு கூலி: 1,400 ரூபாய். பேர் உள்ள பெல்ட் 500 ரூபாய் என்றாலும், ஒன்றே அந்த இருபதாயிரத்தையும் ஓட்டிவிட்டால் கூலியோடு 650-இல் முடிந்தது. நாலு நாள் வேலை கெடுவதும் ராத்திரியில் வழியில் நிற்பதும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

யார் ஓட்டுகிறார்கள் இந்த வண்டிகளை? 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தபோது நம் பக்கம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று உங்களுக்கும் நினைவிருக்கும். அங்கன்வாடி ஆயா, ஜவுளிக்கடைப் பிள்ளைகள், முக்கூடலில் பீடி சுற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள். அந்த வண்டிகள் எல்லாம் இப்போது இரண்டாவது, மூன்றாவது பெல்ட்டுக்கு வந்து நிற்கின்றன. "குறைஞ்ச விலையில போடுங்கண்ணாச்சி" என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்குக் குறைந்த விலையில் நல்லதைக் கொடுக்க வேண்டியது நீங்களும் நானும்.

என் பக்கத்துத் தப்பையும் மறைக்கவில்லை. மெக்கானிக்குகளில் பல பேர் பெல்ட்டை மட்டும் மாற்றிக் கவரை மூடிவிடுகிறோம். ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகியிருக்கும், ஆயில் சீல் கசிந்து புல்லியில் எண்ணெய் படிந்திருக்கும், அதைப் பார்ப்பதில்லை. திசையன்விளை, உவரிப் பக்கத்து வண்டி என்றால் உள்ளே தேரி மணல் செம்பொடியாகப் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் எந்த உசத்தியான பெல்ட்டைப் போட்டாலும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசைக்குத்தான் அது போக வேண்டும். ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பி மாட்டினால் உள்நூல் அன்றைக்கே அறும், வெளியே தெரியாது. பின்புல்லியை விரித்து, பெல்ட்டை உள்ளே இறக்கிவிட்டுத்தான் முன்னால் மாட்ட வேண்டும். இதையெல்லாம் என் பட்டறைப் பையன்களுக்கு இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பெல்ட் கேட்டு வருபவரிடம் மாடலும் வருஷமும் கேளுங்கள், பழைய பெல்ட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பில்லில் 'பெல்ட் 1' என்று எழுதாமல் கம்பெனிப் பேரையும் நம்பரையும் எழுதுங்கள். கவுன்டரில் ஒரு வெர்னியர் இருக்கட்டும். பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாதீர்கள், தொங்குகிற இடத்தில் மடிந்து அங்கேயே வெடிக்கும். வெயில் விழும் கண்ணாடி அலமாரியிலும், கம்ப்ரஸர் மோட்டார் பக்கத்திலும் ரப்பர் சீக்கிரம் கெடும். பரணில் பல வருஷமாகக் கிடக்கிற சரக்கைப் புதுசு என்று கொடுக்காதீர்கள். பேர் இல்லாத பெல்ட்டை ஏஜென்ட் எத்தனை சதவீதம் கழிவு தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். அதில் உங்களுக்கு வரும் லாபம், அந்தத் தங்கச்சி மழையில் நின்ற முக்கால் மணி நேரத்துக்கு ஈடாகாது.

அவள் வண்டியை என் செலவில் சரி செய்துவிட்டேன். ஆயில் சீல், ரோலர், நம்பர் பார்த்து வாங்கிய பெல்ட். அந்தக் கிழிந்த பெல்ட்டும், அளந்து பார்க்க வாங்கிய இன்னொன்றும் என் பட்டறை மேஜையில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை சாமான் எடுக்க வரும்போது இரண்டையும் வெர்னியரையும் கொண்டுவருகிறேன். உங்கள் கையாலேயே அளந்து பாருங்கள், அண்ணாச்சி.

இப்படிக்கு,
சேரன்மகாதேவி ஸ்கூட்டர் மெக்கானிக் ஒருவன்