கட்டாரில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திக்கு லீவு கிடைத்து ஊருக்கு வந்தால்தான் சந்தோஷம் என்று சொன்னாய். வா, நல்லது. ஆனால் அதுவரைக்கும் அங்கே கழிகிற நாட்களும் உன்னுடைய வாழ்நாள்தானே மகன்.

வேலை முடிந்து அறைக்கு வந்ததும் போனைத் தொடாதே. கட்டிலில் நிமிர்ந்து இரு. நாலு எண்ணும் வரை மூச்சை இழு, ஆறு எண்ணும் வரை விடு. பத்துத் தரம் செய்தாலும் இரண்டு நிமிஷம் பிடிக்காது. விடுகிற மூச்சு நீளமாக இருந்தால்தான் படபடப்பு இறங்கும். பலமாக, அவசரமாக இழுத்தால் தலை சுற்றும். அப்படி வந்தால் விட்டுவிட்டுச் சும்மா இரு. இடையில் மனம் சீட்டுக்காசுக்கும் கடனுக்கும் ஓடும். ஓடுவது பிழையில்லை. ஓடினதைக் கண்டதும் ஒன்றிலிருந்து எண்ணு. அப்படிக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சியே.

மறுகா உன்னையே கேள்: இப்ப எனக்கு என்ன? "மனம் சரியில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் அதுக்கு ஒன்றும் செய்ய ஏலாது. பசியா, நித்திரைக் குறைவா, பயமா, ஏக்கமா என்று பேர் சொல்லு. பசிக்குச் சாப்பிடலாம், நித்திரைக்குப் படுக்கலாம். அவமானத்தை மட்டும் கவனமாகப் பார். ஆம்பிளைகளுக்கு அது கோபத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வரும். பகலில் எல்லாருக்கும் முன்னால் மேற்பார்வையாளர் ஏசினது, இரவில் மனைவி மேல் விழும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பது உனக்கே தெரியாது. ஒரு கொப்பியில் படுக்க முன் இரண்டே வரி எழுது: இன்றைக்கு எப்போது மனம் லேசாக இருந்தது, எப்போது இறுகினது. பக்கக்கணக்கில் எழுதத் தொடங்கினால் நாலாம் நாள் கொப்பி மூலைக்குப் போய்விடும். நாலைந்து வெள்ளிக்கிழமை திருப்பிப் பார்த்தால், ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது உன் கண்ணிலேயே படும்.

மாரியில் வாவி நிரம்பினால், தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், தெரியும்தானே? வெட்டப் பிந்தினால் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் தண்ணீருக்குள். மனதில் கிடப்பதையும் சின்னதாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை ஒரு சொதி வை. ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. இருபது நிமிஷம் கையும் கண்ணும் ஒரே வேலையில் நிற்பதற்காகச் சொல்கிறேன். ஒரு வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு. இவ்வளவையும் ஒன்றரைக் கோப்பைத் தண்ணியான தேங்காய்ப்பாலில் வேகவிடு. தேங்காய்ப்பால்மாவைக் கரைத்தாலும் பரவாயில்லை. வெங்காயம் வெந்ததும் அரைக் கோப்பைத் தடித்த பாலை விட்டு, அடுப்பைக் குறைத்துத் துழாவிக்கொண்டே நில். ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கு. கொதிக்கவிட்டால் திரைந்துபோகும். சொதியை இறக்கி, கொஞ்சம் ஆறினபிறகுதான் தேசிக்காய்ப் புளியை விட வேண்டும். கையில் போன் இருந்தால் இந்த இடத்தில்தான் பிழைக்கும். அறையில் இருக்கும் பெடியன்களையும் கூப்பிட்டு இருத்திச் சாப்பிடு. தனியாகப் போனைப் பார்த்துத் தின்பது வயிற்றை மட்டும்தான் நிரப்பும்.

மருமகளோடும் சின்னவளோடும் கதைக்கிற நேரத்தை மாற்று. அங்கே ஆறு மணி என்றால் இங்கே எட்டரை. பிள்ளை நித்திரைக் கலக்கத்தில் சிணுங்கும், நீ மனம் நோகுவாய். வெள்ளிக்கிழமை உனக்குப் பன்னிரண்டு மணிக்கு எடு. இங்கே இரண்டரை, பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டிருப்பாள். "சாப்பிட்டியா?" என்றால் "ஓம்" என்பதோடு கதை முடியும். "இன்றைக்கு யாருக்குப் பக்கத்தில் இருந்தாய்? என்ன விளையாடினீங்கள்?" என்று கேள். போன கிழமை சொன்ன பேரை ஞாபகம் வைத்து இந்தக் கிழமை விசாரி. தன்னை அப்பா மறக்கவில்லை என்று அப்போதுதான் பிள்ளைக்கு விளங்கும்.

மருமகளோடு காசுக் கதையில் குரல் ஏறினால், "பத்து நிமிஷத்தில் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வை. சொன்னபடி எடு. நேரம் சொல்லாமல் வெட்டினால் அவள் இரவு முழுக்க முழித்திருப்பாள். கோபத்தில் வொய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பாதே. வாயால் சொன்னது மறந்துபோகும், மெசேஜைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். காசு அனுப்பும்போது உனக்கென்றும் ஒரு தொகையை ஒதுக்கு. முழுவதையும் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு இருக்கிறவனுக்கு, கொடுத்தவர்கள் மேலேயே கசப்பு வரும்.

இதெல்லாம் செய்தும் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஒன்றிலும் விருப்பம் இல்லை என்றால் டொக்டரிடம் போ. அது மனவுறுதிக் குறைவு இல்லை, நோய். மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. மருமகளுக்கு அப்படி வந்தால் இங்கே மனநல உதவிக்கான 1926 இலக்கத்துக்கு அடிக்கலாம் என்று அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கட கம்பனிப் பெடியன் யாராவது லீவில் வந்தால் சொல்லு, மிளகாய்த்தூளும் வெந்தயமும் கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா
கல்லடி, மட்டக்களப்பு