துணை நடிகர்களை வெட்டாமல் படம் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

1930களிலும் அதையொட்டியும் வந்த ஹொலிவூட் நகைச்சுவைப் படங்களை வீட்டிலோ சனசமூக நிலையத்திலோ போட்டுப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் படங்களின் உயிர் துணை நடிகர்களிடம் இருக்கிறது. திரை அளவு பிழைத்தால் முதலில் வெட்டுப்படுவதும் அவர்கள்தான்.

அக்காலப் படத்தின் உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய ரீவியோ 16:9. திரை நிரம்ப இழுத்தால் முகங்கள் வீங்கிப்போகும். பெருப்பித்தால் மேலும் கீழுமாக ஏறக்குறையக் காற்பங்கு படம் போய்விடும். ‘மை மேன் கொட்ஃப்ரே’ (1936) படத்தில் நடிகர் மிஷா ஔவர் (Mischa Auer) கொரில்லாவைப் போலத் தளபாடங்களில் தாவி ஏறும் இடத்தில் இப்படி வெட்டினால் என்ன மிஞ்சும்? துணை நடிகர்களுக்கு ஒஸ்கார் கொடுக்கத் தொடங்கிய முதல் தடவையே அவரும், அதே படத்தில் தாயாக வரும் அலிஸ் பிரேடியும் பரிந்துரைக்கப்பட்டார்கள். ரிமோற்றில் 4:3 என்று வையுங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை விழட்டும். பட்டை கோப்பிலேயே சேர்ந்திருந்தால் மாத்திரம் 16:9 இல் விடுங்கள். அப்போதும் 4:3 என்று வைத்தால் முகங்கள் ஒடுங்கிவிடும்.

இந்தப் படத்துக்கும் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940) படத்துக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை. அதனால் பிரதிக்குப் பிரதி எடுத்த மங்கல் படங்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. மீட்டெடுத்துச் சுத்தம் செய்த பிரதியையே தேடி எடுங்கள். ‘மை மேன் கொட்ஃப்ரே’யில் தகப்பனாக வரும் இயூஜின் பலெட்டின் கரகரத்த அடிக்குரலைக் கேட்டே பிரதியின் தரத்தைப் பிடித்துவிடலாம். கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எடுபடாது.

‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யில் நிருபர்கள் தங்கள் அறையில் சீட்டாடியபடி ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேசுவார்கள். இயக்குநர் ஹோவார்ட் ஹோக்ஸ் வேண்டுமென்றே அப்படிச் செய்தார். இரண்டு வரி சப்ரைட்டிலில் மூன்று பேரின் பேச்சு அடங்காது. முதல் தரம் அதோடு பாருங்கள்; பிறகு அந்த அறைக் காட்சிகளை மட்டும் அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆளுநரின் தண்டனை நிறுத்தக் கடிதத்தோடு வரும் பில்லி கில்பேர்ட்டை மேயர், ஒரு பதவி தருவதாக ஆசை காட்டி மடக்கப் பார்க்கிறார். பேசுகிற மேயரை விட்டுவிட்டு, ஒன்றும் விளங்காமல் விழிக்கும் கில்பேர்ட்டின் முகத்தைப் பாருங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்ல, பாலையா கேட்டுக்கொண்டிருக்கும் அழகை ரசித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

தங்கள் சினிமாப் பக்கத்தில் பழைய படங்களைப் பற்றி எழுதும்போது நாயகன், நாயகி, இயக்குநர் என்று நிறுத்திவிடாமல், துணை நடிகர்களின் பெயரையும் அவர்கள் ஏற்ற பாத்திரத்தையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.