‘நில்லுங்க’ என்று சொல்லக் கற்றுத்தந்தவர்களுக்கு

பதினோராம் மாடி அக்காவுக்கு, அங்கிளுக்கு, சனிக்கிழமை நடைக்கு வரும் எல்லாருக்கும், அம்மாவுக்கும் தம்பிக்கும், மலேசியாவின் கினபாலு மலையில் என்னை இருட்டில் பத்திரமாக இறக்கிக் கூட்டிவந்த வழிகாட்டிக்கும் வணக்கம்.

இதையெல்லாம் நேரில் சொல்ல இரண்டு மூன்று தடவை முயன்றேன். அக்கா, நீங்கள் உடனே "சரி சரி, தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போட்டால் உங்களுக்கெல்லாம் கூச்சமாக இருக்கும், போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

2023 அக்டோபரில் என் காதல் முறிந்தது. ஏழு வருடப் பழக்கம். இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொண்டு, இங்கே சிங்கப்பூரில், தெங்காவில், நாலறை வீட்டுக்கு பிடிஓ (இனிமேல் கட்டப்போகும் அரசு அடுக்குமாடி வீடு) விண்ணப்பித்து, வரிசை எண் வந்து, எந்த மாடி என்று தேர்ந்தெடுத்தும் ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் மனம் மாறிவிட்டது. அவரைப் பற்றி ஒரு குறையும் எழுதப்போவதில்லை, அது இந்த மடலின் வேலை இல்லை. வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். முன்பதிவுக்குக் கட்டிய ஆப்ஷன் கட்டணம் 2,000 வெள்ளி போயிற்று. பணம் போனதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. வீட்டின் வரைபடத்தில் சமையலறை சன்னலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு, ‘துளசி’ என்று எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை. மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு அதன் மேலேயே படுத்துக் கிடந்தேன்.

தீபாவளி வந்தது. வந்தவர்களில் சிலர் "ஏழு வருஷம் பழகிட்டு இப்படியா?" என்றார்கள். "தப்பு யார் மேல?" என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்கள். அம்மா முறுக்குத் தட்டை நீட்டியபடி "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் இருந்தேன். அந்த நாட்களில் வேலைக்குப் போவேன், வருவேன், படுப்பேன். வேறொன்றும் கிடையாது.

அக்கா, டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மின்தூக்கியில் என்னைப் பார்த்தீர்கள். எனக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில ஆறே கால். புளோக் கீழ நிப்பேன். ஷூ போட்டுக்கிட்டு வா" என்றீர்கள். கதவு மூடுவதற்குள் "பழைய ஷூவா இருக்கட்டும், சேறு" என்று சேர்த்துக்கொண்டீர்கள். அந்த ‘சேறு’ என்ற சொல்தான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன். இரண்டு மாதமாக என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் விதி, காலம், ராசி என்றே பேசினார்கள். நீங்கள் சேற்றைப் பற்றிப் பேசினீர்கள்.

தோ பாயோவிலிருந்து பேருந்தில் போகும்போது மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் வாசலை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. ஏழு மணிக்கும் மரங்களுக்கு அடியில் இருட்டாகத்தான் இருந்தது. அங்கிள் தன் நெற்றியில் கட்டியிருந்த ஹெட் லைட்டைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, பட்டையை இழுத்துச் சரிசெய்தார். முந்தைய நாள் மழையில் வேர்களெல்லாம் வழுக்கின. பிளாஸ்டிக் பையை வெளியில் பிடிக்காதே, குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். மரங்களின் தலைக்கு மேலே தொங்கும் 250 மீட்டர் பாலத்துக்கு வந்தபோது எட்டரை தாண்டியிருந்தது. அது ஒருவழிப் பாதை. ஏறிவிட்டால் மறுபக்கம்தான் இறங்க வேண்டும். பாதிப் பாலத்தில், கீழே அத்தனை பச்சையையும் பார்த்தபோது, எதற்கு என்று தெரியாமல் அழுகை வந்துவிட்டது. நகர முடியவில்லை. பின்னால் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். அக்கா, நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவர்களுக்கு முகம் காட்டி நின்று, "ஒரு நிமிஷம், ப்ளீஸ்" என்றீர்கள். அந்த முதுகை நான் மறக்கமாட்டேன்.

நம் நடையில் ஒரே ஒரு விதிதான் உண்டு. மூச்சு வாங்கினால், கால் வலித்தால், மனசு சரியில்லை என்றால், யாராக இருந்தாலும் ‘நில்லுங்க’ என்று சொல்லலாம். எல்லாரும் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. எனக்கு அது வாயில் வரவே இல்லை. மூன்று மாதம் வரவில்லை. புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர்தான், ஆனால் தொடக்கத்தில் வரும் அந்தத் தார்ச்சாலை நெட்டுக்குத்தாக ஏறும். அதில் ஒரு நாள் கண் இருட்டிக்கொண்டு வந்தும் பல்லைக் கடித்து நடந்தேன். உதடு வெளுத்ததைப் பார்த்து நீங்களே எல்லாரையும் நிறுத்தினீர்கள். என்னை ஓரமாக உட்காரவைத்து, "முடியலன்னு சொல்ல உனக்கு ஏன்டா இவ்ளோ நேரம்?" என்று கேட்டீர்கள்.

அதற்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன் அக்கா. ஏழு வருடமும் நான் அவருடைய வேகத்துக்குத்தான் நடந்தேன். அவர் ஓடச் சொல்லவில்லை, நானாகத்தான் ஓடினேன். எந்த வேலை, எந்த ஊருக்குச் சுற்றுலா, எப்போது கல்யாணம் என்று எதிலும் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று சொன்னதே இல்லை. சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம். கடைசியில் சொல்லாமலே இருந்தும் அதுதான் நடந்தது. இந்த உண்மை எனக்கு அந்தச் சாலையோரத்தில், உங்கள் பிளாஸ்கிலிருந்த கோப்பி-ஓவை, பால் சேர்க்காத காப்பியை, குடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

புலாவ் உபின் தீவுக்குப் போன நாளும் எனக்கு முக்கியம். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகை எடுப்பார்கள். நாம் ஒன்பது பேர். இன்னும் மூன்று பேருக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அன்று புவாக்கா குன்றில் ஏறும்போது பாதியில் என் வாயிலிருந்து ‘நில்லுங்க’ வந்தது. மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் எட்டுப் பேரும் நின்றார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் பழைய கல்குவாரிக்கு மேலே பறந்த இருவாட்சியைக் காட்டினார். குன்றின் உயரம் 75 மீட்டர்கூட இருக்குமோ என்னவோ. அன்று என்னோடு நின்றீர்களே, ஒவ்வொருவருக்கும் நன்றி.

கினபாலுவுக்குப் போகலாம் என்று அங்கிள் சொன்னபோது அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். 2015 ஜூன் 5 அங்கே நிலநடுக்கம் வந்ததும், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் திரும்பி வராமல் போனதும் சிங்கப்பூரில் எந்த அம்மாவுக்கு மறக்கும்? மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், தினமும் இரவு நான் ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகில் போட்டுக்கொண்டு புளோக் படிக்கட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நடந்த காலுதானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். போகும் நாளன்று ஒரு மைலோ டின் நிறைய இஞ்சி மொரப்பா செய்து கொடுத்தார். அம்மா, உங்கள் பயத்தை ஒரு டின்னில் போட்டு மூடி என் கையில் கொடுத்தீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

2025 மார்ச்சில் போனோம். ஆறு பேர், இரண்டு வழிகாட்டிகள். 1,866 மீட்டரில் திம்போஹோன் வாசல், அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் படி, படி, இன்னும் படி. எங்கள் வழிகாட்டி அந்த மலையடிவாரத்து டூசுன் இனத்தவர். எங்களுக்குத் தெரிந்த உடைந்த மலாய் அவருக்குப் போதுமானதாக இருந்தது. "பெலான்-பெலான்" என்பார், மெல்ல மெல்ல. கூடவே நடப்பார். ஒரு ஓய்விடத்தில் மொரப்பாவைக் கொடுத்தேன். வாயில் போட்டுக் கண்ணை மூடி, "ஹாலியா!" என்றார். மலாயில் இஞ்சி என்று அர்த்தம். அங்கேயும் இஞ்சிக்கு மரியாதை இருக்கிறது அம்மா. டின்னில் பாதியை அவர்தான் தீர்த்தார்.

பனாலாபானில், 3,272 மீட்டரில், இரவு தங்கினோம். தூக்கம் வரவில்லை. விடியற்காலை இரண்டரைக்கு மறுபடி ஏறினோம். கல்லைப் பிடித்து, கயிற்றைப் பிடித்து, முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு போனோம். சயாட்-சயாட் சோதனைச் சாவடி 3,668 மீட்டரில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தபோது மண்டை இரண்டாகப் பிளப்பதுபோல் வலி. வாந்தி எடுத்தேன். கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. உச்சி 4,095 மீட்டர். இன்னும் 427 மீட்டர்தான் ஏற வேண்டும். எட்டு மாதப் பயிற்சி, கட்டிய பணம், அம்மாவின் மூன்று நாள் மௌனம் எல்லாம் கண்முன் வந்தன. பழைய நான் என்றால் போயிருப்பேன். ஆனால் "நில்லுங்க" என்றேன். "எனக்கு இதுக்கு மேல முடியாது. நான் இறங்குறேன்." யாரையும் பார்த்துக் கேட்காமல், யாருடைய முகமும் மாறுகிறதா என்று தேடாமல் சொன்னேன். வழிகாட்டி என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்து, "போலே" என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். வேறு கேள்வி இல்லை.

அப்போதுதான் அங்கிள், நீங்கள் வரிசையிலிருந்து விலகி வந்தீர்கள். "எனக்கும் முட்டி வலிதாம்மா. நானும் இறங்குறேன், துணையா இருக்கும்." அறுபத்து மூன்று வயதில், எங்கள் எல்லாரையும்விட அதிகம் பயிற்சி எடுத்தவர் நீங்கள். உச்சியில் நின்று படம் எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று விமானத்தில் இரண்டரை மணி நேரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அன்று நான் நம்பிவிட்டேன். பகலில் திம்போஹோனுக்கு அந்த ஆறு கிலோமீட்டரையும் எல்லாருக்கும் முன்னால் விறுவிறுவென்று நீங்கள் இறங்கியதைப் பார்த்தபோதுதான் உங்கள் முட்டியில் ஒரு வலியும் இல்லை என்று புரிந்தது. நீங்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை. நம் விதிப்படி ஏன் என்று கேட்கக்கூடாது அல்லவா? ஆனால் நன்றி சொல்லக்கூடாது என்று விதி இல்லை. நன்றி அங்கிள்.

இறங்கும் வழியில் கொஞ்சம் உயரம் குறைந்ததும் தலைவலி விட்டது. ஒரு பாறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கீழே மேகம், அதற்கு மேல் சிவப்பாக ஒரு கோடு. வழிகாட்டி மலையின் பக்கம் கையைக் காட்டி, இறந்துபோன எங்கள் முன்னோர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்றார். டின்னில் மீதமிருந்த மொரப்பாவைப் பங்குபோட்டுத் தின்றோம். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. உச்சிக்குப் போய்வந்த அக்கா, நீங்கள் திரும்பி வந்ததும் முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். அப்புறம்தான் படங்களைக் காட்டினீர்கள்.

தம்பி, உன்னை விட்டுவிடவில்லை. நான் ஊரில் இல்லாத அந்த நான்கு நாளில் மெத்தை உறையை மாற்றப்போய் அந்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறாய். ஒன்றும் சொல்லாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாய். நான் வீட்டுக்கு வந்தபோது நம் தாழ்வாரத்தில், காலணி அலமாரிக்குப் பக்கத்தில், தேக்காவிலிருந்து வாங்கி வந்த ஒரு துளசிச் செடி தொட்டியில் நின்றது. இப்போது முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. அம்மா தினமும் காலையில் அதைச் சுற்றி வருகிறார். தாளை நான் எடுத்துப் போட்டுவிட்டேன்.

அங்கிள், முதல் நாள் நீங்கள் என் தலையில் மாட்டிவிட்ட ஹெட் லைட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பேட்டரி மாற்றி வைத்திருக்கிறேன். என் அலுவலகத்தில் ஒரு பெண், இருபத்தாறு வயது, கொஞ்ச நாளாக மதிய உணவுக்கு யாரோடும் வருவதில்லை. அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை ஆறே காலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பழைய ஷூவோடு. லைட்டை இன்னும் கொஞ்ச நாள் நான் வைத்துக்கொள்ளட்டுமா?