ஒத்திப் பத்திரம் குறித்து மகனுக்கு

வில்லாபுரம், மதுரை.

அன்புள்ள மகனுக்கு,

நேற்று தொலைபேசியில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்பாவின் காரியம் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், நான் வீட்டைக் காலி செய்தால், மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகக் கொடுத்துவைத்த ஒத்திப் பணத்தை உன் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுவதாக வீட்டுக்காரர் சொன்னதும், அதற்கு நீ ஒப்புக்கொண்டதும் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தன. அம்மா தனியாக இருக்கிறாளே என்ற கவலையில்தான் ஒப்புக்கொண்டாய் என்பதை அறிவேன். இருந்தாலும் இது நீயும் அவரும் மட்டும் பேசி முடிக்கக்கூடிய காரியம் அன்று.

பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து இரண்டு முறை படித்தேன். 100 ரூபாய் முத்திரைத்தாள். ஒத்தித் தொகை 6 லட்சம். காலம் 3 ஆண்டு. அதில் இன்னும் 14 மாதம் மிச்சம் இருக்கிறது. கடைசித் தாளின் பின்பக்கத்தில் அப்பா பென்சிலால், "மோட்டார் பழுது 1,800, வீட்டுக்காரர் கணக்கு" என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீல் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டினேன். நம் ஒத்தியைப் போலக் காலம் குறித்து எழுதிய குத்தகை, குத்தகைக்காரர் இறந்ததனால் மட்டும் முடிந்துவிடாது என்றும், எஞ்சிய காலத்துக்கு அது வாரிசுகளைச் சேரும் என்றும் அவர் விளக்கினார். நம்மிடம் உள்ள குறையையும் மறைக்காமல் சொன்னார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், நாம் செய்யவில்லை. ஆகவே 3 ஆண்டு என்ற காலக்கெடுவை இந்தத் தாளை மட்டும் வைத்து வாதாடுவது கடினம். ஆனால் பணம் கொடுத்ததற்கு இதுவும் சான்றுதான். 4 லட்சம் காசோலையாகப் போனதற்கு அப்பாவின் பாஸ்புக்கே சாட்சி சொல்லும். எனவே சண்டைக்குப் போகாமல், மிச்சமுள்ள 14 மாதத்துக்கு என் பெயரில் புதிய பத்திரம் எழுதி, இம்முறை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்கப் போகிறேன். காலி செய்யும் நாளில் பணம் எல்லா வாரிசுகளிடமும் ஒப்படைக்கப்படும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எல்லா வாரிசுகளும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உன் அப்பத்தா. அப்பா உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோருடன் இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு, பங்கும் சமம். 6 லட்சத்தை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 1.5 லட்சம். நீ நேற்று போட்ட கணக்கில் உசிலம்பட்டியில் இருக்கும் அந்தக் கிழவியின் பெயரே வரவில்லை. ஒத்திக்குப் பணம் குறைந்தபோது, காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி விற்று 1 லட்சம் கொடுத்தவர் அவர். வளர்த்திய வெறுங்காது ஆடுவதைத் துக்க வீட்டில் நீயும் பார்த்தாய். எதனால் என்று கேட்கவில்லை.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் நான்கு பெயரையும் கொடுத்து விண்ணப்பித்திருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு தாசில்தார் சான்று தருவார். அது வரும்வரை வீட்டுக்காரர் ஒரு ரூபாய் கொடுத்தாலும் நீ வாங்காதே. அவர் மறுபடி அழைத்தால், அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடு.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். பத்திரத்தை என் பெயருக்கு எழுதிக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதி, துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பு. தபாலில் சேர்ப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். உன் தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்குப் போய் அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கி வருகிறேன். அன்று காலை பத்து மணிக்கு நீ அழைத்தால் போனை அவர் கையில் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா