மாட்டேன் என்று சொன்ன சிப்பாய்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி குறைந்து நீ மறுபடி நடக்க ஆரம்பித்ததில் சந்தோஷம். நான் வழக்குக் கட்டுகளையெல்லாம் ஜூனியரிடம் தள்ளிவிட்டு, வெகுநாளாகத் தொடாத புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பேரன் ராணுவத்தில் சேரப் போகிறான், பாட்டி "சொன்னதைச் செய்யலேன்னா சுட்டுடுவாங்களாமே" என்று புலம்புகிறாள் என்றும் எழுதியிருந்தாய்.

சுட மாட்டார்கள் என்று அவளிடம் சொல். அந்தப் பயம் முதல் உலகப் போர்க் காலத்தது. போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் அன்று சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 2006-ல்தான் சட்டம் போட்டு மன்னிப்பு வழங்கினார்கள். அவர்களில் குண்டுச் சத்தத்தில் மனம் குலைந்துபோனவர்களும் உண்டு. மன்னிப்பு வந்தபோது கேட்க ஒருவனும் உயிரோடில்லை.

இன்றைய நிலவரத்தைச் சொல்கிறேன். நம் ராணுவச் சட்டம் 1950-ஆம் ஆண்டினது. அதன் 41-வது பிரிவுதான் கீழ்ப்படியாமையைப் பற்றிப் பேசுகிறது. மேலதிகாரி நேரில் இட்ட சட்டபூர்வமான உத்தரவை வேண்டுமென்றே எதிர்த்து மீறினால் 14 ஆண்டுவரை சிறை. வெறுமனே கீழ்ப்படியாமல் இருந்தால், போர்ப்பணியில் 14 ஆண்டுவரை, மற்ற நேரத்தில் 5 ஆண்டுவரை. மரண தண்டனை, கலகம் செய்வது, போர்ப்பணியில் இருக்கும்போது ஓடிப்போவது போன்றவற்றுக்குச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது.

ஆனால் பெரும்பாலான விஷயங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. படைப்பிரிவின் தலைவரான கமாண்டிங் ஆபீசரே விசாரித்து, 28 நாள்வரை காவலில் வைக்கலாம், கூடுதல் டூட்டி போடலாம், சம்பளத்தில் பிடிக்கலாம். பெரிய தண்டனை என்றால் நடத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். இந்தச் சிவப்பு மைக்குத்தான் ஜவான்கள் அதிகம் பயப்படுவார்கள். நான்கு சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்புவதற்கு அதையே காரணமாகக் காட்டுவது வழக்கம். நான்கு சேர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் இயந்திரம் மாதிரி அனுப்பக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் சுருக்கமுறை கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவத்துக்குள்ளேயே நடக்கும் சுருக்க விசாரணை நீதிமன்றம், என்று ஒன்று உண்டு. அதில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிபதி. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டுவரை சிறை விதிக்கலாம். இத்தனை வருஷம் கோர்ட்டில் நின்ற எனக்கு இது இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது. பணிநீக்கமானால் பென்ஷனும் போகலாம். பல குடும்பங்களுக்குச் சிறையைவிட அதுதான் பெரிய அடி.

அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி போட மறுத்த 8,000-க்கும் மேற்பட்ட ராணுவத்தினர் வேலை இழந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே நிர்வாக நடவடிக்கைதான், கோர்ட் மார்ஷல் இல்லை. 2023 தொடக்கத்தில் அந்தக் கட்டாயத்தையே திரும்பப் பெற்றுவிட்டார்கள்!

சரி, நான் உண்மையில் எழுத நினைத்தது வேறு. 'சட்டபூர்வமான உத்தரவு' என்கிறது சட்டம். அப்படியானால் சட்டவிரோதமான உத்தரவை மீறினால் குற்றமில்லை. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய், குற்றம் செய்யச் சொல்லும் உத்தரவுக்குச் சிப்பாய் கீழ்ப்படியவே கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது சட்டவிரோதம் என்று துப்பாக்கியோடு நிற்பவன் அந்த நிமிஷத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அவன் செய்தது சரியா தவறா என்று நீதிமன்றம் வருஷக்கணக்கில் ஆற அமர யோசிக்கும்.

1930 ஏப்ரல் 23, பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜார். நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட மறுத்தார்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கர்வால் ரைஃபிள்ஸ் வீரர்கள். அவர்களை முன்னின்று நடத்திய சந்திர சிங் கர்வாலிக்கு ஆயுள் தண்டனை. 1941-ல்தான் வெளியே வந்தார். இன்று அவர் வீரர். அன்று அவர் கலகக்காரர்.

வியட்நாம் போரில் மை லாயைப் பார். 1968 மார்ச் 16-ல் கிராமத்து மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் அந்த மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார் அமெரிக்க விமானி ஹியூ தாம்சன். உரிய பதக்கம் அவருக்கு 1998-ல் வந்தது. 'உத்தரவுப்படி செய்தேன்' என்று வாதாடிய, அந்தக் கொலைகளில் ஈடுபட்ட அதிகாரி வில்லியம் கேலிக்கு 1971-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஆனால் சில ஆண்டு வீட்டுக்காவலோடு அது முடிந்துபோனது.

கணக்கைப் போட்டுப் பார். மறுத்தவனுக்கு அடி உடனே விழுகிறது. கீழ்ப்படிந்தவனுக்கு எப்போதோ விழலாம், விழாமலும் போகலாம். சட்டம் சிப்பாயிடம் மனசாட்சியைக் கேட்கிறது, அதற்கான செலவையும் அவன் தலையிலேயே கட்டுகிறது. உத்தரவு தவறு என்று பின்னால் நிரூபணமானால், மறுத்தவன் இழந்த சம்பளத்தையும் பதவி உயர்வையும் கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்பது என் கட்சி. இப்போதைக்கு அவன் ராணுவத் தீர்ப்பாயத்தின் படியேறித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பேரனிடம் இதையெல்லாம் இப்போதே கொட்டாதே, பயிற்சிக்குப் போகும் பையன். பாட்டிக்கு மட்டும் அந்த முதல் பதிலைச் சொல். நீ முப்பது வருஷம் தொழிற்சாலையில் ஆட்களை மேய்த்தவன், ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்