கிரீனப் முகட்டில் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், பாரோடேல் பள்ளத்தாக்கிலிருந்து கிரீனப் முகட்டைக் கடந்து கிராஸ்மியர் ஊருக்கு நடந்த அன்று, புயல்மழையில் எங்கள் குடும்பத்தாருக்கு உதவிய அனைவருக்கும் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். முகவரி தெரிந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதிவிட்டோம். ஆயினும், மேற்கே செயின்ட் பீஸ் கடற்கரையில் தொடங்கிக் கிழக்கே ராபின் ஹுட்ஸ் பே வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளும், நாங்கள் அன்று நடந்த பகுதியும் அடங்கிய ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ நடைவழியில் விடுமுறைக்கு நடக்க எண்ணும் தமிழர்களும் உங்கள் உதவியின் தன்மையை அறிய வேண்டும் என்பதால், இம்மடலைத் தமிழில் வெளியிடுகிறோம்.

முதல் நன்றி, முந்தைய இரவு பாரோடேலில் நாங்கள் தங்கிய விடுதியின் அம்மையாருக்கு உரியது. அருகிலுள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; அதாவது சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது, பக்கத்து ஹோனிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அப்படிப்பட்ட ஊரில் வாழ்பவர் மழையைப் பற்றி ஒன்று சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் முறை. அவர் எங்களைப் போக வேண்டாம் என்று தடுக்கவில்லை. காலை உணவு மேசையிலேயே வரைபடத்தை விரித்து, முகட்டைத் தாண்டியதும் நிலம் வித்பர்ன் பள்ளத்தாக்கை நோக்கிச் சரியும் இடத்தைக் காட்டினார். மூடுபனியில் நடப்பவர்கள் அங்கே ஓடையைப் பின்பற்றி இறங்கி, கிராஸ்மியருக்குப் பதிலாகத் தேர்ல்மியர் நீர்த்தேக்கத்தின் பக்கம் போய்ச் சேர்வது வழக்கமாம். கீழே இறங்காமல் பள்ளத்தாக்கின் தலைப்பைக் குறுக்கே கடந்து, வேலி அழிந்தபின் தனியே நிற்கும் பழைய இரும்புத் தாண்டுபடியை அடைந்த பிறகே கிராஸ்மியர் நோக்கிச் செல்லும் ஃபார் ஈஸ்டேல் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும் என்று இருமுறை சொன்னார். மாலைக்குள் எங்களிடமிருந்து தொலைபேசி அழைப்பு வராவிட்டால் காவல்துறைக்குத் தாமே சொல்வதாகவும் பொறுப்பேற்றுக்கொண்டார்.

அடுத்து, லைனிங் கிராக் பாறையின் மேல் எங்களைக் கண்டு நின்ற அந்த மூத்த தம்பதியருக்கு. பாறையையொட்டிய செங்குத்தான ஏற்றத்தில் மழைநீர் படிக்கற்களின்மேல் ஓடையாகவே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏறியதும் தென்மேற்குக் காற்று ஆளைத் தள்ளியது. சுமார் 600 மீட்டர் உயரமே உள்ள அந்த முகட்டில், பத்தடிக்கு அப்பால் இருந்த கற்குவியல்கூடத் தெரியவில்லை. நனைந்த உடையோடு காற்றில் நின்றால் உடற்சூடு விரைவாகக் குறையும் என்பது மலை நடப்போர் அனைவரும் அறிந்ததே. அதனால் அத்தகைய இடத்தில் யாரும் வேண்டுமென்று நிற்பதில்லை. நீங்கள் நின்றீர்கள். என் பெரியப்பா மெதுவாக ஏறி வந்து சேரும்வரை காத்திருந்து, அவருடைய ஈரக் கையுறைகளைக் கழற்றச் செய்து உங்களிடம் இருந்த மாற்றுக் கையுறைகளை அணிவித்து, திசைகாட்டியுடன் ஒருவர் முன்னும் மற்றவர் பின்னுமாக எங்களை நடுவில் விட்டு, சதுப்பின் வழியாக அந்தத் தாண்டுபடி வரை அழைத்துச் சென்றீர்கள். உங்கள் நடையின் வேகத்துக்கு எங்களை இழுக்காமல், பெரியப்பாவின் நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொண்டீர்கள். எங்களுக்கு அதுவே பேருதவி; வழிகாட்டியதைக்கூட அதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்போம்.

சேறு சொட்டச் சொட்ட நுழைந்த எங்களை முகஞ்சுளிக்காமல் உள்ளே அழைத்து, உலர்த்தும் அறையைத் திறந்துவிட்டுச் சூடான சூப் கொடுத்த கிராஸ்மியர் விடுதியினருக்கும், எங்கள் பெட்டிகளை நனையாமல் கொண்டுவந்து சேர்த்த வண்டியோட்டிக்கும் நன்றி.

கெஸ்விக் மலை மீட்புக் குழுவை அழைக்க வேண்டிய நிலை எங்களுக்கு ஏற்படவில்லை. 1947 முதல் இயங்கிவரும் அக்குழுவினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். மீட்கப்பட்டவர்களிடம் கட்டணமும் கேட்பதில்லை. தம்பதியர் எங்களிடம் எதையும் பெற்றுக்கொள்ள மறுத்து, கொடுக்க நினைப்பதை அக்குழுவுக்குக் கொடுக்குமாறு கூறியதால், அவ்வாறே அனுப்பியுள்ளோம். கையுறைகள் பெரியப்பாவிடம் பத்திரமாக உள்ளன. அவசரத்தில் உங்கள் முகவரியைக் கேட்டுக்கொள்ள இயலாமற் போனதால் அவற்றைப் பாரோடேல் விடுதி அம்மையாரிடம் அனுப்பிவைக்கிறோம். அவ்வழியே செல்லும்போது பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
கிரீனப் முகட்டைக் கடந்த குடும்பத்தினர்